நெட் போனாலும் லைட் எரிய வேண்டும்: ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்மார்ட் சுவிட்ச் பேச்சு வந்தாலே அலெக்ஸாவில் வேலை செய்யுமா, கூகுளில் வேலை செய்யுமா, ஆப் எப்படி இருக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு மூன்று விஷயங்களை. நெட் இல்லாத நேரத்தில் அது என்ன செய்யும், கரன்ட் போய்த் திரும்ப வரும்போது என்ன செய்யும், ஆப் பக்கமே போகாத ஒருவர் சுவரில் இருக்கிற சுவிட்சைத் தட்டினால் என்ன செய்யும். இந்த மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இருந்தால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதில் இல்லை என்றால் எத்தனை வசதி சேர்த்துக் கொடுத்தாலும் அதைச் சுவருக்குள் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. தமிழ்நாட்டு வீடுகளின் ஒயரிங்கை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கிற விளக்கங்களில் பாதிக்கு மேல் அமெரிக்க வீடுகளுக்கானவை, அவற்றை அப்படியே இங்கே பொருத்தினால் குழப்பம்தான்.

உள்ளே இருப்பது என்னவோ எளிமையான பொருள்தான். 230 வோல்ட்டைச் சில வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு குட்டி பவர் சப்ளை, வைஃபையிலோ ஜிக்பீ என்ற குறைந்த சக்தி ரேடியோ முறையிலோ பேசும் ஒரு சிப், அது சொன்னபடி கரன்ட் பாதையைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலே என்ற குட்டி சுவிட்ச். ஆன் செய்யும்போது ‘டிக்’ என்று கேட்கிறதே, அது ரிலேயின் சத்தம். பிளக்கில் செருகுகிற வகை, சுவிட்ச் போர்டில் புதிய பிளேட்டாக வருகிற வகை, இருக்கிற சுவிட்சுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற தீப்பெட்டி அளவு மாடியூல் என்று மூன்று உருவத்தில் கிடைக்கிறது, ஆனால் மூன்றுக்குள்ளும் வேலை ஒன்றுதான்.

யோசனையும் புதிதில்லை. 1975-இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் ஊரில் இருந்த பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. தனியாக ஒயர் எதுவும் இழுக்காமல், வீட்டில் இருக்கிற கரன்ட் ஒயரிலேயே 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளாகக் கட்டளையை அனுப்புவார்கள். 16 எழுத்து, 16 எண், ஆக மொத்தம் 256 முகவரிகள். அதன் பெரிய தொல்லை, அனுப்பிய கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று பெரும்பாலான கருவிகள் திருப்பிச் சொல்லாது. அது போக, ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரரும் அதே எழுத்தை வைத்திருந்தால் அவர் அழுத்த இங்கே விளக்கு எரியவும் வாய்ப்பு உண்டு. அப்புறம் ஜிக்பீ, இசட்-வேவ் என்ற ரேடியோ முறைகள் எல்லாம் வந்தும் இது பணக்கார வீட்டுச் சமாச்சாரமாகவே இருந்தது. விலையை உடைத்தது 2014-இல் ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் வெளியிட்ட ஈஎஸ்பி8266 சிப். வைஃபையும் ஒரு குட்டிக் கணினியும் ஒரே சிப்பில், அதுவும் மிக மலிவாகக் கிடைத்ததும் சீனாவின் பல தொழிற்சாலைகள் இதில் இறங்கின. இன்று ஆன்லைனில் வேறு வேறு பெயரில் விற்கிற பல பிளக்குகள் உள்ளே பார்த்தால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

சரி, நம் வீட்டுச் சுவிட்ச் போர்டுக்கு வருவோம். மெயினை ஆஃப் செய்துவிட்டு பிளேட்டைக் கழற்றினால் சுவருக்குள் பதித்த தகரப் பெட்டி தெரியும். சிவப்போ மஞ்சளோ நீலமோ ஒரு பேஸ் ஒயர் உள்ளே வந்து, ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்கு லூப்பாகத் தாவித் தாவிப் போகும். ஒவ்வொரு சுவிட்சின் மறுமுனையிலிருந்தும் ஒரு ஒயர் லைட்டுக்கோ ஃபேனுக்கோ ஏறும். அதே போர்டில் 5 ஆம்ப் பிளக் பாயிண்ட் இருந்தால் கருப்பு நியூட்ரலும் பச்சை எர்த்தும் இருக்கும். இந்த நியூட்ரல்தான் முக்கியம். மாடியூலுக்குள் இருக்கிற சிப் விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்குக் கரன்ட் வந்து திரும்பிப் போக நியூட்ரல் வேண்டும். அமெரிக்காவின் பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வராது, 2011-இல்தான் அவர்களுடைய மின் விதிப் புத்தகம் அதைப் பொதுவான கட்டாயமாக்கியது. பிரிட்டனிலும் நியூட்ரல் பெரும்பாலும் கூரையோடு நின்றுவிடும். நம் ஊரில் சுவிட்சும் பிளக்கும் ஒரே போர்டில் சேர்ந்து இருக்கிற பழக்கத்தால் அந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. பாத்ரூம் வெளியே, மாடிப்படியில், வாசலில் தனியாக ஒரே ஒரு சுவிட்ச் இருக்கிற இடங்களில் மட்டும் நியூட்ரல் இல்லாமல் இருக்கலாம், அங்கே முன்கூட்டியே எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

நியூட்ரல் இல்லாமலும் ஓடும் என்று விற்கிற சுவிட்சுகள் இருக்கின்றன. அவை விளக்கு வழியாகவே மிகச் சிறிய கரன்டைக் கசியவிட்டுத் தங்கள் சிப்புக்கு உயிர் கொடுத்துக்கொள்கின்றன. பழைய குண்டு பல்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 5 வாட், 9 வாட் எல்ஈடி பல்புக்கோ அந்தக் கசிவே போதும், அணைத்த பிறகும் மங்கலாக எரியும், அல்லது சில நொடிக்கு ஒரு முறை மினுக்கும். வேறு எல்ஈடி பல்பு போட்டாலும் பல நேரம் சரியாகாது. விளக்குக்குக் குறுக்கே போட ஒரு சின்ன கபாசிட்டரை அந்தக் கம்பெனிகளே கூடக் கொடுப்பார்கள், அதைப் பொருத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இன்னொரு விஷயம், ஒரே வீட்டில் இன்வர்ட்டர் லைன் ஒன்று, நேரடி லைன் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற பாதுகாப்பு சுவிட்ச்) என்று இருந்தால், ஒன்றின் பேஸையும் இன்னொன்றின் நியூட்ரலையும் எடுத்து மாடியூலுக்குக் கொடுத்தால் டிரிப் ஆகலாம். மாடியூல் கெட்டுவிட்டது என்று அதைத் திருப்பி அனுப்புவார்கள். கோளாறு அதில் இருக்காது.

ஸ்மார்ட் பல்பா ஸ்மார்ட் சுவிட்சா என்ற கேள்விக்கு என்னிடம் தயக்கமே இல்லாத பதில் இருக்கிறது. நிறம் மாற்றுவது முக்கியம் என்றால் பல்பு, மற்ற எல்லாவற்றுக்கும் சுவிட்ச். ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் கரன்ட் இருந்துகொண்டே இருக்க வேண்டும். தூங்கப் போகும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கிற அம்மா இருக்கிற வீட்டில் அந்த பல்பு தினமும் ராத்திரி செத்துப்போகும், விடியற்காலை ஆப்பில் எத்தனை தட்டினாலும் எழுந்திருக்காது. அதற்காக சுவிட்சின் மேல் செல்லோ டேப் ஒட்டி, தொடாதே என்று எழுதி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுச் சுவிட்ச் எல்லோருக்கும் பொது, வேலை செய்ய வருகிற அக்காவுக்கும், ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும். அவர்கள் கை போன இடத்தில் விளக்கு எரிய வேண்டும்.

அதனால்தான் பழைய சுவிட்சை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் மாடியூல் வைக்கும் முறை எனக்குப் பிடிக்கிறது. ஷெல்லி, சோனாஃப் மாதிரி நிறுவனங்கள் இந்த வகையை விற்கின்றன. சுவிட்சின் ஒயர் நேரே விளக்குக்குப் போகாமல் மாடியூலுக்குத் தகவல் மட்டும் சொல்லும், விளக்கை எரிப்பது ரிலே. சுவரிலும் தட்டலாம், போனிலும் தட்டலாம். மாடிப்படி டூ-வே சுவிட்சைப் போல இதிலும் சுவிட்சின் நிலையைப் பார்த்து விளக்கின் நிலையைச் சொல்ல முடியாது, கீழே தட்டினால் ஆன் என்கிற கணக்கு போய்விடும். ஒரு வாரத்தில் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிடுகிறது.

ஆனால் இதில் ஓர் ஆபத்தான பக்கம் இருக்கிறது, இதைத்தான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி பல்பு மாற்றுவது நம் எல்லோருக்கும் கைப்பழக்கம். மாடியூல் வைத்த பிறகு அந்தப் பழக்கம் உதவாது. நீங்கள் ஹோல்டரில் கை வைத்திருக்கும்போது அலுவலகத்தில் இருக்கிற ஒருவர் ஆப்பில் தட்டலாம், அல்லது ஆறு மணிக்கு வைத்த டைமர் வேலை செய்யலாம், ஹோல்டருக்கு உயிர் வந்துவிடும். ரிலே ஆஃபில் இருப்பதைப் பாதுகாப்பான துண்டிப்பாக எடுத்துக்கொள்ளவே கூடாது. மெயின் பாக்ஸில் அந்த லைனின் எம்சிபியை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். புதிதாக வருகிற எலக்ட்ரீஷியனுக்கும் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவருக்கு இந்த போர்டுக்குப் பின்னால் மாடியூல் இருப்பது தெரியாது.

அடுத்தது சுமை. ஸ்மார்ட் பிளக்கின் அட்டைப்பெட்டியில் 10 ஆம்ப் என்றோ 16 ஆம்ப் என்றோ போட்டிருப்பார்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்ப் இழுக்கும், 3000 வாட் கீசர் 13 ஆம்ப். 10 ஆம்ப் பிளக்கில் 2000 வாட் கீசரை ஓட்டலாம் என்று காகிதத்தில் கணக்கு வருகிறதே என்றால், காகிதத்தில் வரும் அந்தக் கணக்கில் தளர்ந்த பிடிப்பு சேராது. எல்லா நாட்டு பின்னும் நுழைகிற யூனிவர்சல் துளை உள்ள பிளக்குகள் நம் ஊர் தடி பின்னை இறுக்கிப் பிடிக்காது. அந்தத் தொடுமுனையில் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட 13 ஆம்ப் ஓடும்போது 8 வாட்டுக்கு மேல் சூடு உண்டாகும், அதுவும் நகக்கண் அளவு இடத்தில். ஒரு உறவினர் வீட்டு பாத்ரூமில் இப்படி ஓடிய பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது வெள்ளை பிளாஸ்டிக் துளையைச் சுற்றி டீக்கறை நிறத்தில் வளையம், பின்னின் பளபளப்பு போய்க் கருநீலம் ஏறியிருந்தது, பக்கத்தில் போனால் கருகிய மீன் வாடை. கீசர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு மாதிரி பொருட்களுக்கு 16 ஆம்ப் ரேட்டிங்கோடு, ஐஎஸ்ஐ முத்திரை போட்ட, மூன்று தடி பின் மட்டும் நுழைகிற பிளக் வேண்டும். போட்ட முதல் நாள் அரை மணி நேரம் ஓடிய பிறகு ஆஃப் செய்து கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மோட்டார் விஷயம் இன்னும் கடினம். ஒரு எச்பி தண்ணீர் மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்ப்தான், கிளம்பும் நொடியில் அதைப் போல் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். அந்தத் தாவலில் சின்ன ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும், அல்லது சம்ப் காலியாகி மோட்டார் வறட்டு ஓட்டம் ஓடிக் காயில் போகும். அதனால் மோட்டாரை நேரடியாக ஸ்மார்ட் பிளக்கில் செருகக் கூடாது. நடுவில் காண்டாக்டர் என்கிற, பெரிய கரன்டைத் தாங்கும் தடித்த ரிலே ஒன்றை வைத்து, அதை இழுக்கிற காயிலை மட்டும் மாடியூல் இயக்க வேண்டும். பச்சை, சிவப்பு பட்டன் வைத்த ஸ்டார்ட்டர் பேனல் உள்ள மோட்டாராக இருந்தால் ஒரு நொடி மட்டும் அழுத்திவிடுகிற மாதிரி இரண்டு தனி ரிலே வேண்டும், இதை எல்லா எலக்ட்ரீஷியனும் செய்ய மாட்டார்கள், தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். தொட்டியில் மிதவை சுவிட்ச் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள், ஸ்மார்ட் என்பது அதற்கு மேலே ஓர் அடுக்காக இருக்கட்டும்.

ஃபேனுக்கு லைட் டிம்மரைப் போடக் கூடாது, உறுமும், சூடாகும். ஃபேனுக்கென்றே படிப்படியாக வேகம் மாற்றும் மாடியூல்கள் இருக்கின்றன. பிஎல்டிசி ஃபேனுக்கு (கரன்ட் குறைவாக இழுக்கிற புது வகை மோட்டார் உள்ளது) அதுவும் வேண்டாம், அதற்குள்ளேயே மின்னணு இருப்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் நேரே கரன்ட் கொடுத்து ரிமோட்டில் ஓட்டுவதுதான் சரி. ஏசியையும் பிளக்கில் வெட்டி வெட்டி நிறுத்துவதை விட, ரிமோட் மாதிரியே சிக்னல் அனுப்புகிற ஐஆர் பிளாஸ்டர் வாங்கி வைத்தால் கம்ப்ரஸருக்கு நல்லது.

இனி கரன்ட் போய் வருகிற கதை. பெரும்பாலான ஸ்மார்ட் கருவிகளில் ஒரு செட்டிங் இருக்கும், கரன்ட் திரும்பியதும் ஆன் ஆக வேண்டுமா, ஆஃப் ஆகவே இருக்க வேண்டுமா, கடைசியாக இருந்த நிலைக்குப் போக வேண்டுமா என்று. வாங்கியதும் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இதுதான், பலர் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. காலை 6 மணிக்கு கீசர் ஆன், 6.30-க்கு ஆஃப் என்று வைத்திருக்கிறீர்கள். 6.10-க்குக் கரன்ட் போகிறது, 6.40-க்கு வருகிறது. கடைசி நிலை என்று செட்டிங் இருந்தால் கீசர் மறுபடி ஆன் ஆகும், 6.30 கட்டளை ஏற்கெனவே கடந்துபோய்விட்டது, இனி அடுத்த நாள் காலை வரை அதை அணைக்க யாரும் வர மாட்டார்கள். கீசர், மோட்டார், இஸ்திரிப் பெட்டி இருக்கிற பிளக் எதுவானாலும் கரன்ட் வந்தால் ஆஃப் என்றே வைக்க வேண்டும். அதோடு, எப்போது ஆன் ஆனாலும் இத்தனை நிமிடத்தில் தானே அணையட்டும் என்கிற கவுண்ட்டவுனையும் சேர்த்து வைக்க வேண்டும். 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் கீசருக்கு இருபது நிமிடத்துக்குள்தான் ஆகும், அரை மணி நேர கவுண்ட்டவுன் தாராளம்.

இன்னொரு நுணுக்கம், இந்தக் கருவிகள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரன்ட் வந்ததும் நெட்டில் போய் மணி என்ன என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். கரன்ட் வந்து, ஃபைபர் லைன் வராமல் இருந்தால் டைமர் எதுவும் ஓடாது. ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இன்வர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் இதில் பாதிப் பிரச்சினை தீரும்.

நெட் பற்றிய முதல் கேள்விக்கு வருகிறேன். ஹாலில் உட்கார்ந்து ஆப்பில் லைட்டைத் தட்டினால், மலிவு வகைகள் பலவற்றில் அந்தக் கட்டளை வேறு ஏதோ ஊரில் இருக்கிற கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் ரூட்டருக்குத் திரும்பி, அப்புறம்தான் பத்தடி தள்ளி இருக்கிற சுவிட்சை அடைகிறது. சர்வரை மூடினால் பொருள் முடங்கிவிடும். இது கற்பனை இல்லை. வீட்டுக் கருவிகளை எல்லாம் இணைக்கிற ஹப் என்ற மையப் பெட்டியை விற்ற ரிவால்வ் நிறுவனத்தை 2014-இல் கூகுளின் நெஸ்ட் வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை மூடியதும் காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் அந்தப் பெட்டி வெறும் டப்பாவானது. இன்ஸ்டியான் என்ற அமெரிக்க ஸ்மார்ட் சுவிட்ச் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன, பிறகு அதன் வாடிக்கையாளர்களே சிலர் சேர்ந்து அதை வாங்கி உயிர்ப்பித்தார்கள். இன்ஸ்டியான்காரர்களுக்கு அந்த நாட்களில்கூட சுவர் சுவிட்ச் வேலை செய்தது, நான் முதலில் சொன்ன மூன்று கேள்விகள் வெறும் சந்தேகத்தில் எழுந்தவை இல்லை என்பதற்கு அதுவே போதும்.

அதனால் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசி முடிக்கிற கருவிகளைத் தேடுங்கள். 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொது விதிமுறை இதற்கு உதவும், ஆப்பிள், கூகுள், அமேசான் எல்லோரும் அதில் இருக்கிறார்கள், கட்டளை வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. கொஞ்சம் மெனக்கெடத் தயாராக இருந்தால் ஹோம் அசிஸ்டன்ட் என்கிற இலவச மென்பொருளை ஒரு பழைய கணினியில் ஓட்டி எல்லாவற்றையும் நீங்களே நடத்தலாம். வாங்கும் முன் செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. நண்பர் வீட்டில் அந்தக் கருவி இருந்தால் ரூட்டரிலிருந்து நெட் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு, வைஃபையிலேயே இருந்தபடி ஆப்பில் தட்டிப் பாருங்கள்.

இந்த வகையில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் பேசும், 5 கிகாஹெர்ட்ஸ் புரியாது. சேர்க்கவே முடியவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான், ரூட்டர் இரண்டையும் ஒரே பெயரில் காட்டிக்கொண்டிருக்கும். பெயரைப் பிரித்துவிட்டுச் சேர்த்தால் சேர்ந்துவிடும். சுவருக்குள் இருக்கிற தகரப் பெட்டியும் சிக்னலைக் கொஞ்சம் விழுங்கும். கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் இவற்றை அதில் தனியாக வைத்துவிடுங்கள், 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துக்கொண்டு பெரிய இணையதளங்களையே சில மணி நேரம் முடக்கியது.

கரன்ட் பில் குறையும் என்ற விளம்பரத்தையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு மாடியூல் சும்மா இருக்கும்போது 1 வாட் தின்கிறது என்று வைத்தால், நம் ஊர் இரண்டு மாத பில்லுக்கு 1.44 யூனிட். 9 வாட் எல்ஈடி பல்பை மறதியாகத் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக எரியவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு 0.54 யூனிட்தான். மறதியைத் தடுக்க வைத்த கருவி மறதியை விட அதிகம் தின்கிறது. பத்து மாடியூல் என்றால் 14 யூனிட் ஆயிற்று. 75 வாட் பழைய ஃபேனை 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றி ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓட்டினால் அதே இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம், எந்த ஆப்பும் இல்லாமல். மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் ஏசியை விடியற்காலை 4 மணிக்கு நிறுத்துவது, கீசரை அரை மணியில் அணைப்பது இரண்டுக்கு மட்டும் ஸ்மார்ட் போடுங்கள், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிற தமிழ்நாட்டில் ஏசி வீடுகளுக்கு அது உண்மையிலேயே பலன் தரும். லைட்டுகளுக்குப் போடுவது வசதிக்காக, படுக்கையிலிருந்து எழ முடியாத பெரியவருக்காக, ஊருக்குப் போன வீட்டில் சாயங்காலம் வாசல் விளக்கு எரிவதற்காக. அந்தக் காரணங்களே போதுமானவை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பிளக்கில் செருகும் வகையோடு நின்றுகொள்வது நல்லது. சுவருக்குள் மாடியூல் வைத்திருந்தால் காலி செய்யும்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பழைய ஒயரிங்கைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். அதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றால் ஆப்பிலிருந்து கருவியை நீக்கி, ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அதற்குள்ளேயே இருக்கும், அடுத்துக் குடி வருகிறவரால் அதைத் தன் போனில் சேர்க்கவும் முடியாமல் போகலாம்.